மாத்திரை தரும்போது இதையும் கேளுங்கள்

மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

செஞ்சிக்கு வடக்கே உள்ள சீயமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சுகருக்கும் பிரஷருக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வயதானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கண்ணால் பார்க்கிறோம். அந்த வாசலில் இன்னும் ஒரு கேள்வியைக் கேட்கச் செய்யுங்கள் என்று கோரவே இம்மடல். தாம்பத்திய உறவில் ஏதேனும் சிரமம் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

இது எங்கோ ஓரிருவருக்கு வரும் குறை அல்ல. மைசூரு பக்கத்துக் கிராமப்புறத்தில் மனநல மருத்துவர் சத்தியநாராயண ராவ் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களில் 21 சதவீதத்தினருக்கும் பெண்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கும் ஏதேனும் ஒரு பாலியல் குறைபாடு இருந்தது. ஆண்களிடம் விறைப்புக் குறைவும் விந்து முந்துதலும் முன்னால் நின்றன. பெண்களிடம் நாட்டமின்மை, கிளர்ச்சி இல்லாமை, உச்சம் எட்டாமை, உறவின்போது வலி.

பெண்களின் நிலை இதைவிட மோசம் என்றே நினைக்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வேறு நோய்களுக்காக வந்திருந்த மணமான பெண்கள் 149 பேரிடம் விசாரித்து 2009இல் எழுதினார்கள். 73 சதவீதத்தினருக்குக் குறைபாடு இருப்பதாகத் தெரிந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்கள் என்பதால் இந்த எண்ணை ஊருக்கெல்லாம் பொருத்த முடியாது. ஆனால் அவர்களில் ஒருவர்கூட இதற்காக மருத்துவரை நாடியதில்லை என்ற செய்தியை எந்த ஊருக்கும் பொருத்தலாம். நாற்பதைத் தாண்டியவர்களும் குறைவாகப் படித்தவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். உடல்நோய், கணவனோடு பிணக்கு, வெளியே பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு ஆகியவற்றையே காரணமாகச் சொன்னார்கள்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், புகை, மது, மனச்சோர்வு. இந்தக் குறைபாட்டை வளர்ப்பவை பெரும்பாலும் இவைதாம். முதல் இரண்டுக்கும் உங்கள் துறையிடம் ஏற்கெனவே பதிவேடு இருக்கிறது. ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். நெஞ்சுவலி வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வரும் எச்சரிக்கையை வெட்கத்தால் தவறவிடுகிறோம். மறுபுறம், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகளுமே இச்சிக்கலை உண்டாக்குவதுண்டு. அப்படி நேர்ந்தால் கிராமத்து மனிதர் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடுவார். கேட்டிருந்தால் மருத்துவர் வேறு மாத்திரைக்கு மாற்றியிருப்பார்.

கேட்க ஆளில்லாத இடத்தில் சுவரொட்டி பேசுகிறது. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஆண்மைக்குறைவுக்கு உடனடித் தீர்வு என்று ஒட்டுகிறார்கள். இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்று தொலைபேசி எண்ணும் போடுகிறார்கள். இத்தகைய விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடை செய்திருக்கிறது. எழுபது ஆண்டு கடந்தும் சுவரில் பசை காயவில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கும் விறைப்பு மாத்திரை இன்னும் ஆபத்தானது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. பெண்களிடம் மகளிர் தன்னார்வலரும் ஆண்களிடம் ஆண் சுகாதாரப் பணியாளரும் தனிமையில், பெயர் வெளியே போகாதபடி, இந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்சி கொடுங்கள். ஆமாம் என்பவர்களை அனுப்ப, செஞ்சி அரசு மருத்துவமனை போன்ற வட்ட மருத்துவமனைகளில் வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச அங்கே கதவுள்ள ஓர் அறை வேண்டும். சட்டத்தை மீறும் சுவரொட்டிகள்மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழக்குப் போட ஆணையிடுங்கள்.

இந்தக் கேள்வியை அடுத்த சுற்றுப் பரிசோதனைப் படிவத்திலேயே சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சீயமங்கலத்துக் குடிமகன் ஒருவன்