எலியின் எடையும் அதன் சாட்சியமும்

பாபிலோன் அரண்மனையிலே தானியேலும் அவன் தோழர் மூவரும் அரசனது போஜனத்தை மறுத்து, பத்து நாள் பருப்பும் காய்கறியும் உண்டு, தண்ணீர் குடித்திருந்த வரலாற்றை நம் கல்லூரி மாணவருள் அறியாதார் இலர். உணவைக் குறித்த பரிசோதனைகளுள் மிகப் பழையது அதுவே என்பாரும் உளர். அன்று தீர்ப்புக்கு ஆதாரமாய் நின்றது முகத்தோற்றம். முகத்தின் இடத்தைத் தராசு பற்றிக்கொண்டு நெடுநாளாயிற்று. அத்தராசும் போதாது என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுவது.

நீலகிரியைச் சார்ந்த குன்னூரில் ஸர் ராபர்ட் மக்காரிஸன் என்னும் வைத்தியப் பேரறிஞர், இளம் எலிகளை ஏழு கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதியார் உண்ணும் உணவைக் கூட்டத்துக்கு ஒன்றாக ஊட்டி வளர்த்தார். அதன் பலனை 1936ஆம் ஆண்டில் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் எடுத்துரைத்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகளின் சராசரி எடை 235 கிராம். சென்னை மாகாணத்தார் உணவை உண்டவற்றின் எடை 155 கிராம். இவ்விரண்டு எண்களையும் மேடையேற்றி, கோதுமை வீரரை வளர்க்கும், அரிசி கோழையரை வளர்க்கும் என்று முழங்கினோர் பலர். சீக்கியர் உணவில் கோதுமையோடு பாலும் வெண்ணெயும் தாராளமாய் இருந்தன. நம்மவர் உணவிலோ தீட்டிய அரிசியே பிரதானம், பால் அற்பம். வேறுபாடு பலவாயிருக்க, தானியம் ஒன்றன்மேல் மட்டும் பழி சுமத்துவது நியாயமாமோ? மக்காரிஸன் எலிகளின் உள்ளுறுப்புகளையும் அறுத்து நோயாராய்ந்தவர். ஆதலின் குறை அவரிடத்தன்று, எடையை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொண்டோரிடத்தே.

அந்த 80 கிராம் வித்தியாசம் யாது? தசையா, கொழுப்பா, எலும்பா, நீரா? தராசு இதற்கு விடை கூறாது. விடை கூறவல்லது வளர்சிதை மாற்றப் பகுப்பாய்வு. இதற்கென அமைந்த கூண்டின் அடித்தளம் கம்பிவலையாயிருக்கும். அதன்கீழ் உள்ள புனல் சிறுநீரையும் மலத்தையும் வெவ்வேறாகப் பிரித்து ஏந்தும். எலி உண்ட உணவிலுள்ள நைட்ரஜன் எவ்வளவு, வெளிப்போந்தது எவ்வளவு என்று கெல்டால் 1883ஆம் ஆண்டில் வகுத்த முறையால் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், உடலிலே தங்கிய புரதத்தின் கணக்கு கிடைக்கும். உட்கொண்ட பிராணவாயுவையும் வெளிவிட்ட கரியமிலவாயுவையும் அளந்தாலோ, எலி எதனை எரித்து உயிர்வாழ்கின்றது என்பது புலப்படும். வெளிவிட்டதை உட்கொண்டதால் வகுக்க வரும் ஈவு 1 ஆனால் மாவுப்பொருள், 0.7 ஆனால் கொழுப்பு.

பட்டினி கிடக்கும் பிராணியின் கதை இவ்வெண்களில் எழுதப்பட்டிருக்கிறது. முதலில் ஈரலிலுள்ள சேமிப்பு தீரும். பின் கொழுப்பு நாட்கணக்காய் எரியும். அக்காலத்துச் சிறுநீர் நைட்ரஜன் தாழ்ந்தே நிற்கும், உடல் தன் தசையைச் சிக்கனமாய்க் காக்கும். கொழுப்பும் அற்றவுடன் நைட்ரஜன் திடீரென உயரும். தசையே விறகாயிற்று என்பதற்கும் மரணம் அணுகிற்று என்பதற்கும் அதுவே அடையாளம். தராசோ அன்றும் முந்தின நாள் போலவே சில கிராம் குறைத்துக் காட்டியிருக்கும். இதனினும் பெரிய வஞ்சனை ஒன்றுண்டு. ஊட்டக்குறைவில் நீர்கோத்து வீங்கிய உடலின் எடை அதன் அழிவை மறைத்துவிடும். 1933ஆம் ஆண்டில் ஸிஸிலி வில்லியம்ஸ் அம்மையார் கோல்ட் கோஸ்டுக் குழந்தைகளிடம் கண்டெழுதிய குவாஷியார்க்கர் என்னும் நோயின் கொடுமை இதுவே.

எலியை மனிதனாகவே பாவிப்பதும் பிழை. எலிக்கு அடர்ந்த ரோமம் உண்டு. அதன்பொருட்டுக் கந்தகம் அடங்கிய அமினோ அமிலங்கள் அதற்கு மிகுதியும் வேண்டும். பருப்பு வகைகளில் அவை குறைவு. ஆகவே எலியின் வளர்ச்சியைக் கொண்டு புரதத்தை மதிப்பிட்ட காலமெல்லாம், ஏழையின் பருப்பு தன் தகுதிக்குக் கீழாகவே மதிக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் வெளியிட்ட அறிக்கை அம்முறையை விடுத்து, மனிதக் குழந்தையின் தேவையையே அளவாகக் கொண்டது. எனினும் செரிமானத்தை அறிய எலியின் மலச்சோதனையை அவ்வறிக்கையும் கைவிடவில்லை. எடை தள்ளுண்டது, மலம் சாட்சியாய் நிலைத்தது. நகைப்புக்கிடமாயினும் உண்மை.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று இன்னும் வியப்பானது. மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளுள் ஒன்றுக்குக் குவாஷியார்க்கர், மற்றொன்றுக்கு இல்லை. இருவர் குடற்கிருமிகளையும் கிருமியற்ற சுண்டெலிகளிடம் தனித்தனியே புகுத்தி, மலாவி உணவையே அனைத்துக்கும் ஊட்டினர். நோயுற்ற குழந்தையின் கிருமிகளைப் பெற்றவை மிக மெலிந்தன. உணவு ஒன்றாயிருந்தும் எடை வேறாயிற்று! அவற்றின் மலத்தையும் சிறுநீரையும் பகுத்தாய்ந்த பின்னரே காரணத்தின் தடம் தெரியலாயிற்று.

இத்துணைச் செலவும் உழைப்பும் எதற்கு, எடை போட்டாற் போதாதோ என்று வினவுவோர்க்கு என் மறுமொழி சிறிது கடுமையானது. வாயில்லாப் பிராணியைக் கூண்டிலடைத்துப் பட்டினியிட நமக்குள்ள உரிமை, அதனால் விளையும் அறிவை அன்றி வேறொன்றன்மேலும் நிற்பதன்று. வாரம் ஒருமுறை தராசிலேற்றி எண்ணைக் குறித்துக்கொண்டு, சிறுநீரைச் சாக்கடையில் ஊற்றிவிடுபவன், அப்பிராணியின் துன்பத்தில் பெரும்பகுதியை வீணாக்கினவன் ஆகின்றான். பசியுற்ற எலியோடு ஒப்பிட வேண்டின், அது தின்ற அளவே நிறுத்து வேறோர் எலிக்கு நல்லுணவு ஊட்டல் வேண்டும். இன்றேல் கண்ட கேடு உணவின் தன்மையால் வந்ததா, குறைவாய்த் தின்றதால் வந்ததா என்பது விளங்காது. இவ்விரண்டும் இல்லாத ஆராய்ச்சித் திட்டத்துக்குப் பிராணிகளை வழங்கும் குழுவில் யான் அமர்ந்திருப்பின், ஓர் எலியையும் கொடேன்.