38ம் 62ம் நூறு... இதற்கு எதற்கு வேதம்?

வடசேரி சந்தையில் ஏத்தன்பழம் 38 ரூபாய்க்கும், மட்டி 47க்கும், செவ்வாழை 62க்கும் வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் பேப்பர் தேட மாட்டார். "ஏத்தனும் செவ்வாழையும் நூறு, மட்டிக்கு 47, நூத்தி நாப்பத்தேழு எடுங்க." முடிந்தது. இதையே அவர் மகன் பரீட்சையில் செய்தால்? "ஸ்டெப் எங்கே?" என்று பல வகுப்புகளில் சிவப்பு மைதான். 8ம் 7ம் 2ம் 17, 7 போட்டு 1 மேலே... இப்படி எழுதினால்தான் மார்க்!

எந்த வரிசையில் கூட்டினாலும் தொகை மாறாது. பரிமாற்றுப் பண்பு, சேர்ப்புப் பண்பு என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்யலாமாம், பயன்படுத்தக் கூடாதாம்.

நாகர்கோவிலுக்கு இது புதிதா என்ன? நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்தபோது 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். 11 காசும் 9 காசும் எவ்வளவு? 9-லிருந்து 5-ஐ எடுத்து 11-க்குக் கொடுத்தால் 16. ஆக ஒரு சக்கரம், 4 காசு. பத்துப் பத்தாகக்கூட இல்லை, 16, 4, 7 என்று மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். கால்குலேட்டரும் கையுமாக இருக்கும் பி.காம். மக்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம் :-)

பள்ளியில் தடுக்கப்பட்ட அதே பிள்ளை, 22 வயதில் பேங்க் எக்ஸாம் கோச்சிங்குக்குப் பணம் கட்டுகிறது. அங்கே இதே வித்தை 'வேதக் கணித ரகசியம்' என்ற பெயரில் திரும்பி வருகிறது. பாரதி கிருஷ்ண தீர்த்தர் மறைந்தது 1960-ல், அவருடைய 'வேதக் கணிதம்' வெளிவந்தது 1965-ல். அதன் சூத்திரங்கள் அதுவரை தெரிந்த அதர்வவேதப் பரிசிஷ்டங்களில் இல்லை என்று பதிப்பாசிரியர் வி.எஸ். அகர்வாலாவே அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அது கிடக்கட்டும். 38-க்கு 62 சேர்ந்தால் நூறு என்பதற்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம், பழக்கடை போதும். சும்மா கிடைக்க வேண்டியதைப் பள்ளி பிடுங்குகிறது, கோச்சிங் அதையே விலைக்கு விற்கிறது.

"லெட்ஜர் கூட்ட ஒழுங்கு வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். 40 வரிப் பத்தியை இலக்கம் இலக்கமாகக் கூட்டுவதே பத்திரம், அதை யாரும் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் மூன்றே எண்களுக்கு "38 + 62 + 47 = 100 + 47" என்று பிள்ளை ஓரத்தில் கிறுக்கியிருந்தால் அதுவும் ஸ்டெப்தான். பேப்பர் திருத்துகிறவர்கள் அதற்கு முழு மார்க் போடட்டும்.