கோட்டு, கூலிங் கிளாஸ், கடை போர்டு

"உங்க முகம்தான் உங்க சரக்குக்கு அடையாளம். நல்லா உடுத்துங்க, நிமிர்ந்து நில்லுங்க, போட்டோ எடுத்து போர்டுல போடுங்க, செல்போன்ல போடுங்க." தொழில் தொடங்குகிறவர்களுக்கு இன்று எல்லா இடத்திலும் சொல்லப்படும் புத்திமதி இது. தப்பான புத்திமதி இல்லை. ஆனால் சொல்கிறவருக்கு உடுப்பு என்பது தையற்கடை சமாச்சாரம். நமக்கு அது ஊர்ப் பஞ்சாயத்துச் சமாச்சாரம், போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரம். தருமபுரியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது.

2012 நவம்பர் 7. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு கலப்பு மணத்தைக் காரணமாகக் காட்டி மூன்று சேரிகளையும் கொளுத்தினார்கள். 250 வீடுகளுக்கு மேல் நாசம். அங்கே எரிந்தது குடிசை மட்டுமல்ல என்பதை இளைய தோழர்கள் கவனிக்க வேண்டும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துக் கட்டின மெத்தை வீடுகள், மோட்டார் பைக்குகள், பீரோக்கள், பிள்ளைகளின் சர்டிபிகேட்டுகள். எது எதெல்லாம் "இவனுக்கு இது எதுக்கு" என்று கண்ணை உறுத்தியதோ அது அதெல்லாம் எரிந்தது.

சாம்பல் ஆறுவதற்குள் பாமக நிறுவனர் ராமதாஸ் ஒரு விளக்கம் கொடுத்தார். தலித் பையன்கள் ஜீன்ஸ் போட்டு, டி-ஷர்ட் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு பெண்களை மயக்குகிறார்கள், நாடகக் காதல் செய்கிறார்கள் என்றார். நாடகக் காதல் என்கிற சொல்லைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஜீன்ஸைப் பற்றி யாரும் சரியாக எழுதவில்லை என்பது என் எண்ணம். ஒரு பெரிய கட்சியின் தலைவர் பொது மேடையில் நின்று, ஒரு சனத்தின் கால்சட்டையைக் குற்றப்பத்திரிகையில் சேர்க்கிறார். ஒரு பேன்ட்டுக்கு அத்தனை சக்தி இருக்கிறதா? இருக்கிறது. யார் யாரென்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும் என்பதுதானே சாதியின் ஏற்பாடு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவன் ஊரா சேரியா என்று பேன்ட் சட்டையை வைத்துச் சொல்ல முடியாமல் போனால் அந்த ஏற்பாடு ஆட்டம் காண்கிறது. ஆத்திரம் அங்கே இருந்துதான் வருகிறது.

இது புதுசும் இல்லை. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றி அரையாடைக்கு மாறினார். நாடே அதை மகாத்மியமாகப் பேசியது. ஒன்பது வருசம் கழித்து, 1930 டிசம்பரில், அதே மதுரைக்குப் பக்கத்து ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். ஹட்டன் தன் சாதி பற்றிய புத்தகத்தில் இதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஆண்கள் சட்டை, கோட்டு, பனியன் போடக் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே வரக் கூடாது. முடி கிராப்பு வெட்டக் கூடாது. குடை, செருப்பு ஆகாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. தங்கம் வெள்ளி கூடாது. மீறின இடங்களில் குடிசைக்குத் தீ வைத்தார்கள், தானியக் களஞ்சியங்களை அழித்தார்கள். கழற்றுவதற்குச் சட்டை உள்ளவன் கழற்றினால் அது தியாகம். போடுவதற்கே அனுமதி இல்லாதவனிடம் எளிமையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். நம்முடைய முற்போக்கு நண்பர்கள் சிலர் "ஏன் தோழர் இந்த ஆடம்பரம்" என்று கேட்கிறபோது எனக்கு இந்த எட்டுத் தடைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அண்ணலின் கோட்டைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறார்கள். வெள்ளைக்காரன் உடுப்பு, மேட்டுக்குடி உடுப்பு என்று. அவர் 1927 டிசம்பரில் மகாடில் பெண்களைப் பார்த்துப் பேசியதைப் படித்தவர்களுக்கு விசயம் விளங்கும். சேலையை முழங்காலுக்கு ஏற்றிக் கட்டுவதும், கை கழுத்து நிறைய கனத்த உலோக நகைகளை மாட்டிக்கொள்வதும் தீண்டாமையின் முத்திரைகள், அவற்றை விடுங்கள், மற்றவர்களைப் போலச் சேலை கட்டுங்கள் என்று சொன்னார். உடுப்பு எப்படி ஒரு சங்கிலியாக இருக்கிறது என்று தெரிந்தே பேசியவர் அவர். அதற்காக எப்போதும் கோட்டோடு திரிந்தவரும் இல்லை. 1956 அக்டோபர் 14 நாகபுரியில் பௌத்தம் ஏற்ற அன்று வெள்ளை வேட்டியும் வெள்ளைக் கோட்டும் போட்டிருந்தார். எந்த இடத்துக்கு எதை உடுத்துவது என்பதை அவரே முடிவு செய்தார். கோட்டு போட்ட அந்த உருவத்துக்குத்தான் இன்றைக்கும் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இரும்புக் கூண்டு.

உடுப்பு மாறினால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அதையும் அண்ணலே எழுதி வைத்திருக்கிறார். 1901-இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்க ரயிலில் போகிறார். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி, புது ஜோடு. மசூர் ஸ்டேஷனில் இறங்கி நிற்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் உடுப்பைப் பார்த்து பிராமணப் பிள்ளைகள் என்றே நினைக்கிறார். மகர் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு வண்டி லேசில் கிடைக்காமல், தண்ணீர் கிடைக்காமல் ஒரு ராத்திரி முழுக்க அவதி. புது ஜோடு காப்பாற்றவில்லை. ஆகவே "நல்லா டிரஸ் பண்ணா தன்னம்பிக்கை வந்துடும், தன்னம்பிக்கை வந்தா எல்லாம் வந்துடும்" என்று பேசுகிற ஆட்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருங்கள்.

இப்போது கடைக்கு வருவோம். 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி நாட்டின் தொழில் அமைப்புகளில் பட்டியல் சாதியார் கையில் இருந்தது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. மக்கள் தொகையில் நாம் பதினாறுக்கு மேல். அதே 2005-இல் புனேயில் தலித் தொழிலதிபர்களுக்கென்று ஒரு வர்த்தக சபை தொடங்கினார்கள். 2016-இல் ஸ்டாண்ட் அப் இந்தியா வந்தது, 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன். 2023-இல் தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், முதலீட்டில் நூற்றுக்கு 35 மானியம். நம்ம பிள்ளைகள் ஹாலோ பிளாக் போடுகிறார்கள், செல்போன் கடை வைக்கிறார்கள், ஜே.சி.பி. ஓட்டுகிறார்கள், பேக்கரி திறக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு போட்டோ வேண்டியிருக்கிறது.

முந்தைய காலத்தில் நம்மைப் படம் எடுத்தவர்கள் யார்? தர்ஸ்டன் போன்ற துரைமார்கள். மூக்கை அளந்து, நிற்க வைத்து, "இன்ன சாதி" என்று அடியில் எழுதி 1909-இல் ஏழு வால்யூம் போட்டார்கள். அந்தப் படத்தில் இருந்தவர்களிடம் எப்படி நிற்க வேண்டும், எதை உடுத்த வேண்டும் என்று எவனும் கேட்டிருக்க மாட்டான். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரடரிக் டக்ளஸ் இதைத் திருப்பிப் போட்டார். 160 போட்டோவுக்கு மேல் எடுத்துக்கொண்டார். நல்ல கோட்டு, கழுத்துப் பட்டி, நேர் பார்வை, சிரிப்பே கிடையாது. கறுப்பர்களை இளிக்கிற கோமாளிகளாக வரைந்துகொண்டிருந்த நாட்டில் அவர் சிரிக்க மறுத்தார். போர்டுக்குப் படம் எடுக்கிறவர் "கொஞ்சம் சிரிங்க" என்றால் சிரித்துத்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஸ்டூடியோவில் நடக்கிற இன்னொரு அநியாயம் வெளுப்பாக்குவது. கறுத்த முகத்தைக் கம்ப்யூட்டரில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். இதற்கு ஒரு சரித்திரமே உண்டு. கோடாக் கம்பெனி பல காலம் வெள்ளைப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் வண்ணத்தைச் சரிபார்த்தது. அந்தப் பிலிமில் கறுப்புத் தோல் சரியாக விழாது. கறுப்பு மனிதர்களுக்காக அதை மாற்றவில்லை, சாக்லேட் கம்பெனியும் மர நாற்காலி விற்கிறவர்களும் எங்கள் சரக்கின் நிறம் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் மாற்றினார்கள். மனுசனை விட நாற்காலிக்கு மரியாதை!

நம்ம ஆட்கள் போர்டுக்கென்றால் உடனே வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டை. கட்சிக்காரர்களைப் பார்த்துப் பழகினது. காமிராவின் கணக்குப்படி, படத்தில் வெள்ளை நிறைய இருந்தால் அது தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சட்டை பளிச்சென்று இருக்கும், முகம் இருட்டிவிடும். அப்புறம் முகத்துக்குச் சுண்ணாம்பு. கருநீலம், கரும்பச்சை, அரக்கு என்று போட்டுக்கொண்டு, காலை வெயிலில் ஜன்னல் ஓரமாக நின்றால் கறுத்த முகம் அத்தனை அழகாக விழும். முகத்தை வெளுக்காதே, வெளிச்சத்தைக் கூட்டு என்று தைரியமாகச் சொல்லுங்கள். காசு கொடுப்பது நாம்.

எல்லாருக்கும் கோட்டுதான் என்றும் இல்லை. மெக்கானிக் துவைத்த காக்கிச் சட்டையில் ஸ்பேனரோடு நிற்கலாம், அது அவர் தேடிக்கொண்ட தொழில். ஆனால் தாத்தா காலத்தில் சாதி திணித்த தொழிலை உதறிவிட்டு இன்று ஷூ கடைக்கு முதலாளியாக இருக்கிறவரிடம் "ஊசியும் தோலுமாகத் தரையில உட்காருங்கண்ணே, படம் இயல்பா இருக்கும்" என்று எந்தப் போட்டோகிராபரும் சொல்ல வேண்டாம். தர்ஸ்டனும் அதைத்தான் இயல்பு என்றார். பெண்களும் அப்படித்தான். தையல் யூனிட் நடத்துகிற அக்காவுக்கு சுடிதாரா சேலையா என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. குஜராத்தில் 2017-இல் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்களை அடித்தார்கள், உடனே நூற்றுக்கணக்கானவர்கள் மீசை முறுக்கிய படத்தை முகப்புப் படமாகப் போட்டார்கள். 2023-இல் அதே மாநிலத்தில் நல்ல உடுப்பும் கூலிங் கிளாசும் போட்டதற்காக ஒருவருக்கு அடி. இங்கேயும் ஓட்டல் வைத்தவர் முகத்தைப் போர்டில் போடத் தயங்குவதற்குக் காரணம் கூச்சம் அல்ல. முகம் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் இட்லி விற்காது. அவரை "அடையாளத்தை மறைக்கிறாயா" என்று மிரட்டுகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. போர்டில் முகம் போடுவதா வேண்டாமா என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் முடிவு. அடங்கி உடுத்து என்று ஊர் சொல்வதற்கு மட்டும் கீழ்ப்படிய வேண்டாம் என்கிறேன்.

சட்டம் ஒன்று கையில் இருக்கிறது, மாணவர்கள் இதை மனப்பாடம் செய்யலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தினார்கள், 2016 ஜனவரி 26 முதல் அமல். பொது இடத்தில் புது உடுப்பு போடுவதை, செருப்பு அணிவதை, பைக் ஓட்டுவதைத் தடுத்தால் அது 3(1)(za) பிரிவில் குற்றம். எல்லாருக்கும் திறந்திருக்கும் தொழிலை, வியாபாரத்தைச் செய்யவிடாமல் தடுப்பதும் அதே பிரிவு. ஆறு மாதம் முதல் ஐந்து வருசம் வரை தண்டனை. 1930-இன் எட்டுத் தடையை மனசில் வைத்து எழுதினதைப் போலவே இருக்கிறது. புகார் எழுதும்போது "என்னைத் திட்டினார்கள்" என்பதோடு நிறுத்தாமல், என்ன உடுத்தியிருந்தோம், அதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று வார்த்தைக்கு வார்த்தை எழுதுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விசயம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டூடியோக்களில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும், பாஸ்போர்ட் படத்துக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் மாட்டுவார்கள். ஊர்க்காரனும் காலனிக்காரனும் ஒரே வியர்வையைப் பகிர்ந்துகொள்கிற சமத்துவக் கோட்டு அது, எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் உண்டு. இருந்தாலும் போர்டுக்கு அது வேண்டாம். தோள் தொங்கும், கை நீளும், பெரிசாக்கி ஃபிளெக்ஸ் அடித்தால் இரவல் என்று ரோட்டில் போகிற எவனுக்கும் தெரியும். அளவு கொடுத்து ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதும்போது விளம்பரச் செலவு என்ற வரியில் அதையும் சேர்த்து எழுதுங்கள்.