நம்ம ஆண்டு விழா எங்கே போச்சு?

நண்பர்களே, போன மாதம் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். பணி ஓய்வு பெறப் போகும் தமிழ் ஐயாவுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைத்தோம். 2008 ஆண்டு விழாவுக்காக அவர் எழுதிய நாடகத்தைத் திரையில் போட்டுக் காட்டலாம் என்று திட்டம். லேப் பீரோவில் தேடினோம். டி.வி.டி. கிடைத்தது! மேலே மார்க்கர் பேனாவால் அழகாக எழுதியும் இருந்தது. ஆனால் டி.வி.டி. டிரைவ் உள்ள கம்ப்யூட்டரே லேப்பில் ஒன்றுதான். அதில் போட்டால்... ஓடவே இல்லை. விஷயம் தெரிந்ததும் ஐயா, "விடுங்கப்பா, வசனம் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு" என்று சிரித்தார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"ஒரு ஸ்கூல் டிராமாதானே?" என்கிறீர்களா? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் இதே சென்னையில்தான் வெளியானது. எச்.எம்.ரெட்டி இயக்கினார், டி.பி.ராஜலட்சுமி நடித்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று கையில் இல்லை. சில புகைப்படங்களும் விளம்பரங்களும்தான் மிச்சம். அன்றைக்கும் "ஒரு படம்தானே" என்றுதான் நினைத்திருப்பார்கள்!

2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அரிசியும் பருப்பும் மறுபடி வாங்கினோம். நனைந்துபோன கல்யாண ஆல்பத்தையும் வீடியோ கேசட்டையும் எந்தக் கடையில் வாங்குவது?

"இப்பதான் எல்லாம் போன்ல இருக்கே!" என்று சிலர் சொல்வார்கள். போன் தொலைந்தால்? கூகுள் போட்டோஸில் அளவில்லாமல் இலவசமாக ஏற்றிக்கொண்டிருந்தோம். 2021 ஜூன் 1 முதல் அதுவும் நின்றுவிட்டது. 4கே-யில் எடுத்தால் ஒரு மணி நேர வீடியோவே 10 ஜி.பி.க்கு மேல் போகும். இலவச 15 ஜி.பி. எத்தனை நாளைக்கு?

இதற்காகவே 'கோல்ட் ஸ்டோரேஜ்' என்று ஒன்று இருக்கிறது. அடிக்கடி தேவைப்படாத பெரிய ஃபைல்களை மலிவாகப் போட்டு வைக்கும் இடம். நகையை பேங்க் லாக்கரில் வைப்பது மாதிரி. அமேசானின் 'கிளேசியர் டீப் ஆர்க்கைவ்' அமெரிக்க மையங்களில் 1 டெராபைட்டுக்கு மாதம் சுமார் 1 டாலர்தான் வாங்குகிறது. அதாவது, கேன்டீனில் நாலு பேர் பப்ஸ் சாப்பிடும் காசு! பத்து வருட ஆண்டு விழாவும் அதில் அடங்கிவிடும்.

ஆனால் இதிலும் சூட்சுமம் இருக்கிறது. கேட்டவுடன் ஃபைல் வராது. 12 மணி நேரம் ஆகலாம், மலிவான வழியில் கேட்டால் 48 மணி நேரம்கூட ஆகலாம். 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாளுக்கும் சேர்த்துக் கட்டணம் உண்டு. வைப்பது மலிவு, ஆனால் எடுப்பது அப்படி இல்லை. 1 டெராபைட்டையும் ஒரே மூச்சில் இறக்கினால் 80 டாலருக்கு மேல் ஆகும், சுமார் 7,000 ரூபாய். பணம் கட்ட மறந்து கணக்கு மூடப்பட்டால் எல்லாம் போச்சு! அதனால் அதை மட்டுமே நம்புவது தவறு என்பது என் கருத்து.

பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறதே, போயிருக்கிறீர்களா? அங்குள்ள ஓலைச்சுவடி மாதிரிதான் எல்லாமே. பனை ஓலை சில நூறு வருடத்தில் செல்லரித்துப் போகும். யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் படியெடுத்ததால்தான் சங்க இலக்கியம் உ.வே.சா. கைக்கு வந்தது, நம் பாடப் புத்தகத்துக்கும் வந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே விதிதான்.

ஆகவே நம் பள்ளிக்கு என் யோசனைகள்:

1. ஒவ்வொரு விழா வீடியோவுக்கும் மூன்று பிரதி. ஒன்று பள்ளி மாடியில் ஹார்ட் டிஸ்க்கில் (தரைத்தளம் வேண்டவே வேண்டாம்!), ஒன்று வேறு ஏரியாவில் இருக்கும் ஓர் ஆசிரியர் வீட்டில், ஒன்று கோல்ட் ஸ்டோரேஜில்.

2. கணக்கு பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். மாணவர் யாருடைய மெயிலிலும் வேண்டாம். நாங்கள் பாஸாகிப் போய்விடுவோம், பாஸ்வேர்டும் எங்களோடு போய்விடும்!

3. எந்த ஃபைலில் என்ன இருக்கிறது, யார் யார் நடித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். பெயர் தெரியாத வீடியோ இருந்தும் பயனில்லை.

4. வருடத்துக்கு ஒரு நாள், சரஸ்வதி பூஜை அன்று என்று வைத்துக்கொள்ளலாமே, எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். ஓடாததற்கு உடனே புதுப் பிரதி எடுக்க வேண்டும். ஐயாவின் டி.வி.டி.யை இடையில் ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் போதும், தப்பியிருக்கும்.

எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாம். ஒரே நடனத்தை இருபது பேர் போனில் எடுத்தது எதற்கு? நல்லதாக ஒன்று போதும்.

முதல் வேலையாக, ஐயா ஓய்வு பெறும் முன் அந்த வசனத்தை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்வோம். மூன்று பிரதி எடுப்போம். கம்ப்யூட்டர் மிஸ் சரி என்று சொன்னால் இந்தச் சனிக்கிழமையே ஆரம்பிக்கலாம். யார் யார் வருகிறீர்கள்?

- 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி