திரையின் திறவுகோல் யார் கையில்?

2020 மே 29-ஆம் நாள் ‘பொன்மகள் வந்தாள்’ என்னும் தமிழ்த் திரைப்படம், ஓர் அரங்கினையும் மிதியாமல், அமேசான் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் இணையத் திரைத்தளத்தில் நேரே வெளியிடப்பெற்றது. பெருந்தொற்றால் அரங்குகள் அடைபட்டுக் கிடந்த வேளை அது. அரங்க உடைமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர், எதிர்ப்பு எடுபடவில்லை. அவ்வாண்டு நவம்பர் 12-இல் அதே தளத்தில் வெளிவந்த ‘சூரரைப் போற்று’, 2022-இல் நடுவணரசின் சிறந்த படத்திற்கான விருதையும் பெற்றது. அதன்பின் அணை உடைந்தது.

‘ஓ.டி.டி.’ என ஆங்கில எழுத்துகளாலேயே தமிழரும் வழங்கிவரும் இத்தளங்கள் (ஒரு பெயர் வைக்கவுமா சோம்பல்?) தொடக்கத்தில் போட்டியிட்டுப் படங்களை வாங்கின. படமெடுப்போர் அப்பணத்தை நம்பியே நடிகர்க்குக் கோடிகளைக் கொட்டினர். பின்னர்த் தளங்கள் கையை இறுக்கிக்கொண்டன. பெருநடிகர் படமே வேண்டுமென்றன. படம் எந்நாளில் வெளிவரவேண்டும் என்பதையும் அவையே வரையறுக்கலாயின. புதியவன் எடுத்த சிறுபடம் விலைபோகாமல் பெட்டிக்குள் முடங்கிற்று. அரங்குகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. 2023-இல் ‘லியோ’ படத்தின் இந்திப் பதிப்பை, இணையத்திற்கு வர எட்டுக் கிழமையேனும் இடைவெளி வேண்டுமென்று கூறி, வடநாட்டின் பெரும் அரங்கத் தொடர்கள் திரையிட மறுத்தன. தமிழ்நாட்டு அரங்குகளோ நான்கு கிழமைக்கே தலையசைத்துக் கிடந்தன. வடவன் தன் அரங்கைக் காக்கக் காட்டும் உறுதி தமிழனுக்கு ஏன் வாய்க்கவில்லை?

பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. அரங்குகளுக்கு உரிமம் வழங்குவது 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அரசின் உரிமை. கேளிக்கை வரியும் அதன் கையிலேயே இருந்தது. அந்த ஒரு பிடியைக் கொண்டுதான், தமிழிற் பெயர் சூட்டிய படங்களுக்கு வரிவிலக்கு என 2006-இல் தமிழ்நாட்டரசு அறிவித்தது. ஆங்கிலப் பெயர்கள் ஒவ்வொன்றாய்க் கழன்று விழுந்தன. 2017-இல் சரக்கு, சேவை வரி வந்து அப்பிடியைத் தளர்த்தியது. 2021 பிப்பிரவரியில் நடுவணரசு இயற்றிய விதிகளோ, இணையத் திரைத்தளங்களைத் தில்லி அமைச்சகத்தின் கீழ் வைத்தன. படம் தமிழ், பார்ப்போர் தமிழர். வணிகம் அமெரிக்கனுக்கு, ஆட்சி தில்லிக்கு! இடையில் தமிழ்நாட்டரசுக்கு என்ன வேலை?

இந்நிலையில் மாணவர்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2009-இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி, குறும்படங்களின் வழியாகக் கார்த்திக் சுப்பராசு, நலன் குமாரசாமி, பாலாசி மோகன் முதலியோரைத் திரைத்துறைக்குத் தந்தது. அன்று வாடகைக்கு எடுத்த படக்கருவி, இன்று கைப்பேசியாகச் சட்டைப் பையில் கிடக்கிறது. வெட்டி ஒட்டும் வேலையும் விடுதி அறையிலேயே முடிந்துவிடுகிறது. ஆயினும் எடுத்த படத்தை எங்கே காட்டுவது? பெருந்தளங்கள் மாணவர் குறும்படத்தைத் திரும்பியும் பாரா. எஞ்சிய இடம் யூடியூப். அங்கே எது மேலே வரும், எது மூழ்கும் என்பதை அந்நியன் வகுத்த கணக்கே முடிவு செய்கிறது. அக்கணக்குக்கு அஞ்சியோ, உலகத்தார் பார்க்கட்டும் என்னும் ஆசையாலோ, மாணவர் பலர் தமிழ்ப் படத்திற்கு ஆங்கிலப் பெயர் வைத்து, உழைத்தோர் பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே ஓடவிடுகின்றனர். படத்தில் அம்மா பேசுவது தமிழ். அம்மாவாக நடித்தவர் பெயர் மட்டும் ஆங்கிலம்!

கேரள அரசு 2024 மார்ச்சில் ‘சி சுபேசு’ என்னும் தன் சொந்தத் திரைத்தளத்தைத் தொடங்கியது. பார்க்கும் படம் ஒன்றுக்கு 75 உருபா. அதில் செம்பாதி படமெடுத்தவர்க்கு. மலையாளிகளினும் பெருந்தொகையினர் தமிழர். ஈழம், மலேசியா, சிங்கப்பூர் எனக் கடல் கடந்தும் பார்வையாளர் உள்ளனர். தரமணியில் அரசின் திரைப்படக் கல்லூரி இருக்கிறது; பல மாவட்டங்களில் காட்சித் தொடர்பியல் பயிற்றும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கெல்லாம் ஆண்டுதோறும் எடுக்கப்பெறும் படங்களைத் தமிழ்ப் பெயரோடும் தமிழ் எழுத்தோடும் ஏற்று, உரிய பங்கும் தருகின்ற ஓர் அரசுத் தளத்தை அமைப்பது தமிழ்நாட்டரசுக்கு அரிய செயலன்று. வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே அதற்குப் பொருள் ஒதுக்குக. அரங்குகளுக்கான இடைவெளியையும் எட்டுக் கிழமையாக்க உடைமையாளரையும் படமெடுப்போரையும் அழைத்துப் பேசுக.