அம்மாவுக்கும் ஒரு ஜோடிக் காலணி



வாணியம்பாடியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசையின் மீது ஒரு வாரமாகக் கிடக்கிறது. முப்பத்தெட்டு வயது. மூன்று குழந்தைகளின் தாய். சர்க்கரை எல்லையைத் தொட்டு நிற்கிறதாம். வேகமாக நடக்கும்படியும், உடல் ஒத்துழைத்தால் மெதுவாக ஓடிப் பழகும்படியும் மருத்துவர் கூறியிருக்கிறார். வீட்டில் எவரும் தடை சொல்லவில்லை. ஆனால் கல்லூரியில் படிக்கும் கொழுந்தன் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். காலணி, கைக்கடிகாரம், தண்ணீர் இடுப்புவார், முழங்கால் உறை என்று கூட்டினால் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. 'இவையெல்லாம் இல்லாமல் ஓட முடியாதா? முக்காடிட்ட பெண் ஓடினால் ஊர் சிரிக்காதா?' என்று இரண்டு கேள்விகள் கேட்கிறார்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள் என்ற செய்தி அபூதாவூத், இப்னு மாஜா போன்ற ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அன்று வென்றவர் அன்னையார். பின்னொரு நாளில், அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்த காலத்தில், மறுபடியும் ஓடினார்கள். இம்முறை நபிகளார் முந்திக்கொண்டு, முன்னதற்கு இது சரியாகிவிட்டது என்று சொன்னார்கள். அப்போது அவர்களின் வயது ஐம்பதைக் கடந்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆடையில் ஒழுங்கும் இடத்தில் பாதுகாப்பும் இருக்குமானால், பெண்கள் ஓடுவதைத் தடுக்கும் சொல் எதையும் நான் ஓதிய கிதாபுகளில் கண்டதில்லை. ஊர் சிரிப்பதைப் பற்றி நான் என்ன சொல்ல? ஊர், படுத்துவிட்டவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்துடன் வரும். மாத்திரை வாங்கித் தர வராது.

முதல் கேள்விக்கு விடை சொல்ல, நான் ஏற்காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தொலைவு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், சேர்வராயன் மலையின் மீது சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி இன்றும் அம்மலையை மூடி நிற்கிறது. சில்வர் ஓக் மரங்களின் மீது மிளகுக்கொடி படர்ந்திருக்கும். இரண்டாண்டுகளுக்கு முன் மே மாத விடுமுறையில், உறவினர் ஒருவரின் வீட்டில் ஒரு வாரம் குடும்பத்துடன் தங்கினோம். சுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து திரும்பும்போது, ஏரிக்கரையில் ஆணும் பெண்ணுமாகப் பலர் ஓடிக்கொண்டிருப்பதைக் காண்பேன். கீழே சேலத்தில் விடியும்போதே புழுங்கும் காலத்தில், மேலே மூச்சு முட்டாமல் ஓட முடிவது அல்லாஹ்வின் கொடைதான்.

என் மகனுக்கும் ஆசை பிறந்தது. புறப்படுமுன்பே சேலத்தில் நாலாயிரம் ரூபாய்க்குக் காலணி வாங்கியிருந்தான். கையில் அடிகளை எண்ணும் கடிகாரம். அவனுடைய தாயார், நான்காண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர், வீட்டில் போடும் ரப்பர் செருப்புடன் வந்தார். நடப்பதற்கு எதற்குத் தனிக் காலணி என்று சொன்னவன் நான்தான். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் காலை, லேடீஸ் சீட்டிலிருந்து திரும்பும் வழியில் ஓர் இறக்கம். மகள் விளையாட்டாக ஓட, தாயும் பின்னால் ஓடினார். பத்தடி போகுமுன் ஒரு செருப்பின் வார் பிய்ந்தது. செருப்பின் வார் அறுந்துவிட்டால் மற்றொன்றை மட்டும் அணிந்து நடக்க வேண்டாம், இரண்டையும் அணியுங்கள் அல்லது இரண்டையும் கழற்றிவிடுங்கள் என்பது நபிகளாரின் அறிவுரை. மதரஸாவில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அவர் அதை நினைவில் வைத்திருந்து இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஜல்லி பெயர்ந்த சாலையில் வீடுவரை வெறுங்காலுடன் வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, 'ஒண்ணுமில்லங்க' என்றார். ளுஹருக்கு ஒளூச் செய்யும்போது கால் கழுவிய தண்ணீர் சிவந்து ஓடியதைப் பார்த்த பிறகே, குதிகாலில் கல் கிழித்திருப்பது எனக்குத் தெரிந்தது.

அந்தப் புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சேலத்தில் மருத்துவர் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துப் பார்த்து, நல்லவேளை, அது குன்றவில்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னவற்றை இங்கே எழுத வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: 'பையனுக்கு வாங்குறப்போ யாரும் கணக்குப் பாக்கலையே.'

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியுடன் நடந்த பெரிய ஆய்வு 2023இல் வெளியானது. நம் நாட்டில் சுமார் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டென்றும், அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் பதின்மூன்று கோடிக்கு மேல் என்றும் அது கணக்கிட்டது. இவர்களில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். ஆகவே, சகோதரியே, அந்தப் பட்டியலில் காலணியை மட்டும் அடிக்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம்.

ஓடும்போது ஒவ்வொரு முறை கால் ஊன்றுகையிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் பாதத்தில் இறங்குகிறது. அதைத் தாங்குவதற்கென்றே ஓட்டக் காலணியின் அடியில் நுரைப் பொருளாலான மெத்தை வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கித்தான் காலணியிலோ அலுவலகத் தோல் காலணியிலோ அது கிடையாது. வெறுங்காலுடன் ஓடி 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வென்ற எத்தியோப்பியரான அபேபே பிகிலாவை உதாரணம் காட்டுவோர் உண்டு. அவர் குழந்தைப் பருவம் முதல் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். 1964இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்துதான் மறுபடியும் வென்றார்.

கடைக்கு மாலையில் போங்கள். நாளெல்லாம் நின்று நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்தியது ஓடும்போது இறுக்கும். ஓடும்போது அணியப்போகும் காலுறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடமிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்காடு போன்ற மலைச்சாலையில் இறங்கும்போது பாதம் முன்னே சரிந்து விரல் நுனி காலணியில் மோதும். இடமில்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். அதே நேரத்தில் குதிகால் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை இருக்கிறது. 'போடப்போடத் தளர்ந்துவிடும்' என்ற பேச்சைத் தோல் செருப்புக்கு நம்பலாம்; இதற்கு நம்பாதீர்கள். பெரிய பெயர் பொறித்த காலணிதான் வேண்டுமென்பதில்லை. இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் காலுக்குப் பொருந்தியது கிடைத்தால் அதுவே உயர்ந்தது.

அந்தப் பணம் அதிகமென்று தோன்றினால் ஒரு கணக்கைப் பாருங்கள். இத்தகைய காலணியின் மெத்தை ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் வரை தாங்கும் என்பார்கள். வாரம் நான்கு நாள், நாளுக்கு மூன்று கிலோமீட்டர் என்றால் ஓராண்டுக்கு 624 கிலோமீட்டர். ஆக, ஏறக்குறைய ஓராண்டு உழைக்கும். மழையில் நனைந்தால் உள்ளே நாளிதழைச் சுருட்டி அடைத்து நிழலில் உலர்த்துங்கள். (அதற்கு இந்த இதழின் பழைய பிரதிகளை எடுத்துவிடாதீர்கள், ஆயத்துகளும் ஹதீஸ்களும் இருக்கின்றன.)

வாணியம்பாடிச் சகோதரிக்குக் காலணியைப் பற்றி நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல் பதனிட்டும் காலணி தைத்தும் உலகத்துக்கு அனுப்புவதில் நம் சமுதாயத்தவர் தலைமுறை தலைமுறையாக முன்னிற்கிறார்கள். ஓட்டக் காலணி தோலால் ஆவதில்லை, வலைத்துணியும் நுரையும் ரப்பரும்தான். அதுவும் இப்போது நமக்குத் தொலைவில் இல்லை. செய்யாற்றிலுள்ள தைவான் நாட்டவரின் ஆலையில் உலகப் புகழ் பெற்ற காலணிகள் உருவாகின்றன. அங்கே தைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் எத்தனை பேர் தங்களுக்கென்று ஒரு ஜோடி வாங்கியிருப்பார்களோ!

காலுறை பற்றி ஒரு வார்த்தை. முழுப் பருத்திக் காலுறை வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். கொப்புளம் அங்கேதான் பிறக்கிறது. செயற்கை நூல் கலந்தது நல்லது. சுபுஹுக்கு ஒளூச் செய்த கையோடு காலுறை போடுகிறவர்கள் நாம். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத்து. கழுவியபின் அதே இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு அணியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். நமக்கோ ஐவேளையும் பாதத்தைத் தொட்டுக் கழுவும் கடமை இருக்கிறது. கை கழுவட்டும், கண்ணும் பார்க்கட்டும். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் தெரிந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். பாதத்தில் மதமதப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஓடவே வேண்டாம்.

ஆடைக்குப் பெரும் செலவில்லை. ஆண்கள் தொடை தெரியும் அரைக்கால் சட்டையைத் தவிர்த்து, முழங்காலுக்குக் கீழே இறங்கும் இலேசான கால்சட்டை அணிந்தால் போதும். சகோதரிகளுக்குத் தளர்வான முழுக்கைச் சட்டை, கால்சட்டை. தரையைத் தொடும் புர்கா ஓடுகையில் காலில் சிக்கும். மேலாடை முழங்காலுக்குக் கீழே நின்றால் இடறாது. உள்ளே கால்சட்டை கணுக்கால் வரை மறைக்கும். முக்காட்டை ஊசி குத்தி நிறுத்தாதீர்கள். விழுந்தால் ஊசி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. தலை வழியாக மாட்டிக்கொள்ளும் மெல்லிய பின்னல் துணி மக்கனா காற்றில் பறக்காது, வியர்த்தாலும் கனக்காது. பஹ்ரைன் நாட்டின் ருகையா அல்கஸ்ரா தலையை மூடி, கை கால் மறைத்த உடையில்தான் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். நைக்கி நிறுவனம் விளையாட்டுக்கென்று ஹிஜாப் விற்கத் தொடங்கியது 2017இல்தான். நம் தெருத் தையற்காரர் ஒரு மணி நேரத்தில் தைத்துத் தருவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு ஓட்டத்திற்கென்று தாங்கும் உள்ளாடை தனியாக இருக்கிறது. அது இல்லாமல் ஓடினால் வலி வரும். வலி வந்தால் இரண்டாம் நாளே ஓட்டம் நின்றுவிடும். காலணிக்கு அடுத்தபடி அவசியமானது இதுதான். இதை எழுத நான் தயங்கினேன். பிறகு, மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கத்தைத் தடையாக்கிக்கொள்ளாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியது நினைவுக்கு வர, எழுதிவிட்டேன்.

மலையில் தங்கி ஓடுவோருக்குக் கூடுதலாக ஒன்று. ஏற்காட்டில் மூடுபனி இறங்கினால் எதிரே வரும் வண்டி பக்கத்தில் வந்த பிறகே தெரியும். கறுப்பு உடை அங்கே ஆபத்து. வெள்ளையோ மஞ்சளோ மேலே இருக்கட்டும். தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. ஆகையால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள். சில்வர் ஓக் இலைகள் நனைந்து கிடக்கும் பாதை சோப்புத் தரையைப்போல் வழுக்கும். இறக்கத்தில் ஓடவே வேண்டாம், நடங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும்.

கடிகாரம் இல்லாமல் எப்படி அளப்பது என்பீர்கள். ஓடும்போது பக்கத்தில் வருபவருடன் தடையின்றிப் பேச முடிந்தால் அது சரியான வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் நடக்கத் தொடங்குங்கள். தனியாக ஓடுகிறீர்களா, திக்ரு ஓதிக்கொண்டே போங்கள், அதுவே அளவைக் காட்டிவிடும். முழங்கால் உறை மருத்துவர் சொன்னால் மட்டும். இடுப்புவார் வேண்டாம், அரை மணி நேர ஓட்டத்துக்குப் புறப்படுமுன் ஒரு தம்ளர், வந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் போதும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் மிட்டாய் நான்கும், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்றும் மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கமும் வியர்வையும் கண்டால் உடனே நின்று மிட்டாயை வாயில் போடுங்கள்.

புண் ஆறிய பிறகு என் மனைவிக்குக் காலணி வாங்கினோம். அளவு பார்க்கையில்தான், இத்தனை ஆண்டுகளும் அவர் ஒரு எண் குறைந்த செருப்பையே போட்டு வந்தது தெரிந்தது. கடையில் கிடைத்ததை, மகளுக்கு வாங்கும்போது சேர்த்து வாங்கியதாம். இப்போது வாரம் நான்கு நாள், சுபுஹுக்குப் பிறகு, பக்கத்து வீட்டுச் சகோதரியுடன் பள்ளிக்கூட மைதானத்தில் நான்கு சுற்று நடை, இரண்டு சுற்று ஓட்டம். காலணி வாசலில் மகனுடைய காலணிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ரமளானில் ஓடலாமா, எந்த நேரத்தில், எவ்வளவு என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.