பின் சீட்டில் புதைந்த பக்கிள்: சீட் பெல்ட் எப்படிக் காப்பாற்றுகிறது, எங்கே தோற்கிறது?

கேப் புக் செய்து பின் சீட்டில் ஏறியதும் சீட் பெல்ட்டைத் தேடுபவர்கள் குறைவு. தேடுபவர்களுக்கும் பல நேரம் பாதிதான் கிடைக்கும். தோளுக்கு மேலே வார் இருக்கும், இழுத்தால் வரும். அதைச் சொருக வேண்டிய பக்கிள் மட்டும் இருக்காது. சீட் கவருக்கு அடியில் எங்கோ புதைந்திருக்கும். கேட்டால், "உள்ள போயிடுச்சு சார், பின்னாடிதானே, பரவாயில்ல" என்பார் டிரைவர். ஏறியவரும் போனை எடுத்துவிடுவார்.

அந்த "பின்னாடிதானே"தான் சிக்கல். முன்னால் இருப்பவருக்கு ஆபத்து, பின்னால் இருப்பவருக்குச் சொகுசு என்று ஒரு கணக்கு எல்லோர் மனதிலும் ஓடுகிறது. அந்தக் கணக்கு தப்பு என்று இரண்டு பெரிய மரணங்கள் காட்டின. 2014 ஜூன் 3 அன்று, மத்திய அமைச்சராகப் பதவியேற்று ஒரு வாரமே ஆகியிருந்த கோபிநாத் முண்டே டெல்லியில் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்தார். நடந்தது நெடுஞ்சாலையில் அல்ல, ஊருக்குள் ஒரு சந்திப்பில். அவர் உட்கார்ந்திருந்தது பின் சீட்டில். பின் சீட் பெல்ட் வெறும் அலங்காரம் என்கிற தவறான எண்ணம் தன் நண்பரைப் பறித்துவிட்டது என்று அப்போதைய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் வருந்தினார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில் ஆற்றுப் பாலத்தில் நடந்த விபத்தில் உயிரிழந்தார். விலை உயர்ந்த, ஏர்பேக்குகள் நிறைந்த வெளிநாட்டுக் கார். முன்னால் இருந்த இரண்டு பேர் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த இரண்டு பேரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணியவில்லை என்றது காவல்துறை.

மோதும் நொடியில் என்ன நடக்கிறது?

மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது ஊருக்குள் யாரும் பெரிதாக நினைக்காத வேகம். நொடிக்கு 14 மீட்டர். கார் எதிலாவது மோதி நிற்கும்போது கார்தான் நிற்கிறது. உள்ளே இருப்பவர் அதே 14 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருப்பார், எதிலாவது இடிக்கும்வரை. சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது இருக்கும் வேகமும் இதுதான். வேகம் 100 என்றால் அந்த உயரம் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. கிட்டத்தட்ட பதின்மூன்றாவது மாடி.

"முன்னாடி சீட்டைக் கையால புடிச்சுக்கலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒருவரை அந்த 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்தில் ஒரு நொடிக்குள் நிறுத்த ஏறக்குறைய ஒரு டன் விசை வேண்டும். கை தாங்காது. முன் சீட்டும் தாங்காது. பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவர் அந்த விசையோடு முன் சீட்டின் முதுகில் போய் மோதுவார். அந்தச் சீட்டில் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் மனைவியோ நண்பரோ பெல்ட்டுக்கும் பின்னாலிருந்து வரும் அந்த எடைக்கும் நடுவே நசுங்குவார். பெல்ட் போடாதது என் இஷ்டம், என் உயிர் என்கிற வாதம் இங்கே எடுபடாது.

பெல்ட் செய்யும் வேலை இரண்டு. நிற்கும் நேரத்தையும் தூரத்தையும் கொஞ்சம் நீட்டுகிறது. மோதும்போது காரின் முன்பக்கம் நசுங்குகிறதே, அந்த நசுங்கலின் பலன் காரோடு கட்டப்பட்டவருக்கு மட்டும்தான் கிடைக்கும். அடுத்தது, அந்த விசையை உடம்பில் தாங்கக்கூடிய எலும்புகள் மீது பரப்புகிறது. தோள்பட்டை, மார்புக்கூடு, இடுப்பெலும்பு. வயிறு அந்தப் பட்டியலில் கிடையாது. அதனால்தான் கீழ் வார் வயிற்றின் மேல் அல்லாமல் தாழ்வாக, இடுப்பெலும்பை ஒட்டி இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வயிற்றுக்குக் கீழேதான். மேல் வாரைக் கைக்கு அடியில் விட்டுக்கொண்டு போவதும், சீட்டைப் படுக்கை மாதிரி சாய்த்துக்கொண்டு பெல்ட் போடுவதும் ஏறக்குறைய போடாததற்குச் சமம். சாய்ந்து படுத்திருப்பவர் மோதலில் பெல்ட்டுக்கு அடியில் நழுவிப்போவார்.

ஒரு குண்டும் ஒரு பல் சக்கரமும்

இந்த மூன்று புள்ளி பெல்ட்டை இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் நில்ஸ் போலின். சுவீடனின் சாப் நிறுவனத்தில், போர் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி வெளியே எறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். வால்வோவுக்கு வந்து 1959-ல் இதை உருவாக்கினார். காப்புரிமை கையில் இருந்தும், மற்ற கார் நிறுவனங்களும் இந்த வடிவமைப்பைப் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது. 1970-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் பெல்ட் அணிவதைச் சட்டமாக்கியது. உலகத்தில் அதுதான் முதல் தடவை.

மெதுவாக இழுத்தால் வருகிற பெல்ட், வெடுக்கென்று இழுத்தால் ஏன் பிடித்துக்கொள்கிறது? வாரின் மறுமுனை ரிட்ராக்டர் என்ற பெட்டிக்குள் ஓர் உருளையில் சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு சுருள் ஸ்பிரிங் அதை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஓர் இரும்புக் குண்டு. கார் திடீரென வேகம் குறைந்தாலோ ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ குண்டு உருண்டு ஒரு நெம்பை மேலே தள்ளும், நெம்பு பல் சக்கரத்தில் மாட்டும், உருளை அப்படியே நிற்கும். சில கார்களில் குண்டுக்குப் பதில் சின்ன ஊசல் இருக்கும். இது தவிர, வார் வேகமாக வெளியே ஓடினாலே பூட்டிக்கொள்ளும் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மலைப்பாதைச் சரிவில் நிறுத்திய காரில் "பெல்ட் வரவே மாட்டேங்குது" என்று திட்டுகிறவர்கள் உண்மையில் அந்தக் குண்டு சரியாக வேலை செய்வதைத்தான் பார்க்கிறார்கள்.

முன் சீட்டுகளுக்கு இன்னும் இரண்டு உதவிகள் இருக்கின்றன. மோதலை சென்சார் உணர்ந்ததும் ஒரு சிறு வெடிமருந்து வெடித்து, பெல்ட்டின் தொளதொளப்பைக் கண் இமைக்கும் நேரத்துக்குள் இழுத்து இறுக்கிவிடும். பிறகு விசை மார்புக்கூட்டை உடைக்கிற அளவுக்குப் போனால், உருளைக்குள் இருக்கும் ஓர் இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு வாரைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். முதலில் இறுக்கு, அப்புறம் தளர்த்து. இரண்டும் ஒரு நொடியின் சின்னப் பகுதிக்குள் முடிந்துவிடும். பின் சீட்டுக்கு இந்த வசதிகளைத் தரும் கார்கள் குறைவு. வாங்கும்போது சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பவர்கள் இதையும் ஷோரூமில் கேட்கலாம்.

ஏர்பேக் விஷயத்துக்கு வந்தால், ஸ்டீயரிங்கில் எழுதியிருக்கும் எஸ்.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தே பதில் சொல்லிவிடும். முதல் எழுத்துக்குத் 'துணை' என்று பொருள். பெல்ட்டுக்குத் துணை. இருபதில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் விரியும் அந்தப் பை, பெல்ட் போட்டுத் தன் இடத்தில் இருப்பவரை ஏந்திக்கொள்வதற்கானது. பெல்ட் இல்லாமல், பிரேக் போட்டபோதே முன்னால் சரிந்துவிட்டவரை அது முகத்தில் அறையும். 5 ஸ்டார் வாங்கிய கார் என்பவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். அந்த ஸ்டாரை வாங்கிக் கொடுத்தவை பெல்ட் போட்டு உட்கார்ந்த சோதனை பொம்மைகள்.

மடியில் குழந்தை

தமிழ்நாட்டுக் கார்களில் அடிக்கடி தெரியும் காட்சி, முன் சீட்டில் அம்மா மடியில் குழந்தை. அதைவிடப் பாதுகாப்பான இடம் இருக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் 15 கிலோ குழந்தை, அதே 50 கிலோமீட்டர் மோதலில், 200 கிலோ மூட்டை போல முன்னால் பாயும். எந்த அம்மாவின் கையும் அதைப் பிடித்து வைக்க முடியாது. தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்வது இன்னும் மோசம். அம்மாவின் முழு எடையும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து அழுத்தும். குழந்தைக்கென்று தனி சீட், அதுவும் பின்னால். "ரெண்டு வருஷத்துக்கு இவ்ளோ செலவா?" என்று கேட்பவர்கள் அதைவிட விலை கூடிய போனை இரண்டு வருடத்தில் மாற்றுகிறவர்கள்தான்.

அபராதம் யாருக்கு?

இந்தியாவில் சீட் பெல்ட் அணியாததால் 2021-ல் மட்டும் 16,397 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. டிரைவர்கள் 8,438, பயணிகள் 7,959. கிட்டத்தட்ட சரிபாதி.

சட்டம் இல்லாமல் இல்லை. முன்பக்கம் பார்த்த பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138(3) சொல்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றாலும் அதே தொகை. ஆனால் அந்தப் பிரிவைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். பெல்ட் போடாத பயணியை ஏற்றிச் சென்றால் அபராதம் ஓட்டுநருக்குத்தான். கேப் ஓட்டுநர் தன் வாடிக்கையாளரிடம் "பெல்ட் போடுங்க, இல்லன்னா வண்டி எடுக்க மாட்டேன்" என்று சொல்வாரா? சொன்னால் ரேட்டிங் போகும். சொல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் போகும், போலீஸ் பார்த்தால். பார்ப்பது அபூர்வம் என்பதால் அவர் சொல்வதில்லை.

ஓட்டுநரை மட்டும் பிடிப்பதில் பயன் இல்லை. பக்கிள் வெளியே தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி, அதைச் சரிபார்க்க இடமும் ஏற்கெனவே இருக்கிறது. வாடகைக் கார்கள் முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி.க்குப் போகின்றன. அங்கே பின் சீட்டின் ஒவ்வொரு பெல்ட்டையும் சொருகிப் பார்த்து, சொருக முடியாவிட்டால் சான்று தராமல் திருப்பி அனுப்பலாம். சவாரி தொடங்க ஓடிபி கேட்கும் செயலிகள், பக்கிள் இருக்கிறதா என்று பயணியிடம் கேட்க இன்னொரு பொத்தான் வைக்கலாம். 'இல்லை' என்று நாலு பேர் அழுத்தினால் அந்த வண்டிக்கு அடுத்த சவாரி கிடையாது என்று ஆகட்டும். மறுநாளே எல்லாப் பக்கிளும் வெளியே வந்துவிடும்.

விற்பவரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்பதற்கு உதாரணம் உண்டு. பெல்ட் போடாமல் அலாரத்தை மட்டும் வாயடைக்க, பக்கிளில் சொருகும் சின்னக் கிளிப் ஆன்லைனில் தாராளமாக விற்றது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஐந்து பெரிய இணைய வணிக நிறுவனங்களுக்கு அவற்றை நீக்க உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. பக்கிளுக்குத் துளையே வைக்காமல் தைக்கும் சீட் கவர் கடைக்காரருக்கும் இதே மாதிரி ஒரு கேள்வி போக வேண்டும். (சீட்டின் பக்கவாட்டிலிருந்து விரியும் ஏர்பேக்கை அதே கவர் அடைத்துவிடக்கூடும் என்பது தனிக் கதை.)

இழுத்துப் பார்த்தால் தெரியும்

சொந்தக் காரில் பெல்ட்டுக்குப் பெரிய பராமரிப்பு தேவையில்லை. வார் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலோ வெட்டு விழுந்திருந்தாலோ மாற்ற வேண்டும், தைத்துப் போடக் கூடாது. விட்டதும் சுருண்டு உள்ளே போகாமல் தொங்கினால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். பிளீச்சிங் போன்ற காரமான எதுவும் ஆகாது, நூலின் வலு போய்விடும். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தால் பெல்ட்டை இறுக்கும் அமைப்பிலும் கோளாறு இருக்கலாம். பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட், பார்க்க நன்றாக இருந்தாலும், வேலை முடிந்த பெல்ட். வெடித்த மருந்தும் முறுக்கிய தண்டும் மறுபடி பழைய நிலைக்கு வராது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு இதே பெல்ட் இன்னொரு வேலையும் செய்யும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. அப்படி மூழ்கிய காரை வெளியே பளபளப்பாக்கிவிடலாம், உள்ளே புது மேட் போடலாம், வாசனை திரவியம் அடிக்கலாம். ஆனால் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கழுவுபவர்கள் குறைவு. முழுதாக இழுத்துப் பார்த்தால், உருளைக்குப் பக்கத்தில், யாரும் எப்போதும் இழுக்காத அந்தக் கடைசி இரண்டு அடியில் சேற்றுக் கறையோ தண்ணீர் நின்ற கோடோ தெரியும். தெரிந்தால், விலை பேசுவதற்கு முன்பே அந்த ரிட்ராக்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் துருப்பிடித்திருக்கலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.